அப்பா பார்த்துத் தந்த நேரம்

என் புருசனுக்குக் கார்ப் பைத்தியம் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகிவிடும். பைத்தியத்துக்கு மருந்து இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை நான் முகம் கழுவிக்கொண்டு வெளியே வர, தயாபரன் காரைப் பூவரச மரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தி, முன் பம்பரைக் கழற்றி மண்ணில் கிடத்தியிருந்தார். பம்பர் இல்லாத காரைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. பல்லுக்கட்டைக் கழற்றி வைத்த கிழவனைப் போல அது வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

“இதென்ன கோலம்?” என்று கேட்டேன்.

“இண்டைக்கும் நாளைக்கும் என்னோடை கதையாதையும் பைரவி. இன்ரர்கூலர் பூட்டப்போறன்.”

அது பாரிசிலிருந்து வந்த சாமான். அவருடைய அண்ணை ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்து அனுப்பியிருந்தார். பெட்டியைத் திறந்தபோது அலுமினியத்தில் செய்த பெரிய சட்டம் ஒன்றும், வளைந்த குழாய்களும், நீல நிற இறப்பர்க் குழாய்த் துண்டுகளும், அவற்றை இறுக்குகிற கிளிப்புகளும் இருந்தன. இரண்டு கிழமையாக அந்தப் பெட்டி எங்கள் படுக்கையறையில்தான் கிடந்தது. பிள்ளை பிறந்திருந்தால்கூட இவ்வளவு தரம் எழும்பிப் பார்த்திருப்பாரோ தெரியாது.

நான் வேலணையில் கணிதம் படிப்பிக்கிறவள். ஒன்றை விளங்காமல் விடமாட்டேன். அதனால் இதையும் அவரைக் கொண்டு சொல்ல வைத்தேன். எங்கள் பழைய வெள்ளை ஸ்ரார்லெட்டில் டர்போ என்று ஒன்று இருக்கிறது. எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்புகிற சின்ன விசிறி. அமுக்கினால் காற்றுச் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பைத் தொட்டவர்களுக்கு அது தெரியும். அந்தச் சூட்டை ஆற்றி எஞ்சினுக்குக் கொடுக்கிற பெட்டிதான் இன்ரர்கூலர். இந்தக் காரில் அது ஏற்கெனவே இருந்தது. ஆனால் எஞ்சினுக்கு மேலேயே குந்திக்கொண்டிருந்தது. எங்கள் வெயிலில் அது ஆற்றுவதைவிடச் சூடாக்குவதே கூட என்பது இவருடைய குறை. அதை எடுத்துவிட்டுப் பெரிய ஒன்றைக் காருக்கு முன்னால், எதிர்க்காற்று நேரே வந்து மோதுகிற இடத்தில் பூட்டவேண்டுமாம்.

“பூட்டி எங்கை ஓடப்போறியள்? புங்குடுதீவு ரோட்டிலை மாடு உங்களை முந்திக்கொண்டு போகும்.”

“கடலுக்கு நடுவாலை போற தாம்போதியிலை ஓடுவன்,” என்றார். சொன்ன முகத்தைப் பார்த்தபோது மேற்கொண்டு பகிடி பண்ண மனம் வரவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, சட்டத்தைப் பிடிக்க நானும் குந்தினேன்.

எங்கள் வீடு புங்குடுதீவின் மேற்குப் பக்கம். வாசலால் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் குறிகட்டுவான் துறை. அங்கிருந்து பார்த்தால் நயினாதீவு கூப்பிடு தூரம்தான். அங்கே ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில் பூசை பண்ணுகிற வாமதேவக் குருக்களின் மகள் நான். தயாபரனோ குருக்கள் வீட்டுப் பிள்ளை இல்லை. தோட்டக்காரக் குடும்பம், கூட்டுறவுச் சங்கக்கடையில் உத்தியோகம். நாங்கள் இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில் கல்யாணப் பதிவு எழுதி மூன்று வருசம். அன்றிலிருந்து அப்பா என்னோடு கதைப்பதில்லை.

அவர் திட்டவில்லை. சாபம் போடவில்லை. சுவரில் இருந்த என் படத்தைக் கழற்றவில்லை. கதையை மட்டும் நிறுத்திவிட்டார். கோயில் சனத்துக்கு முன்னால் அவர் தலை குனிந்தார் என்று அம்மா சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று அழிக்காமல் அப்படியே கிடந்தன. படகில் ஏறினால் கால்மணி நேரத்தில் போய்விடலாம். போய் வாசலில் நிற்க, அவர் எழும்பி உள்ளே போனால் அதைத் தாங்க என்னால் ஏலாது. அதனால் போகவில்லை.

அம்மா ஒவ்வொரு காலையும் தொலைபேசி எடுப்பார். அம்மாவின் காதில் ஒரு குறையும் இல்லை. என்றாலும் என்னோடு கதைக்கும்போது ஸ்பீக்கரில் போட்டு, தொலைபேசியைக் கதிரையில் வைத்துவிட்டுத்தான் கதைப்பார். பக்கத்துக் கதிரையில் அப்பா இருப்பார். இருப்பார், ஆனால் இல்லை. இருமல் கேட்கும். பஞ்சாங்கத் தாள் பிரட்டுகிற சத்தம் கேட்கும். நான் ஏதாவது பகிடி சொன்னால் மூக்கால் ஒரு சத்தம் வரும். நான் அந்த மூக்குச் சத்தத்துக்காகவே பகிடி தேடி வைத்துக்கொண்டு பேசுவேன்.

அன்றைக்கும் எடுத்தார். இவர் அந்த நேரம் பார்த்துப் பம்பருக்குப் பின்னால் இருந்த இரும்பைக் கிறைண்டரால் வெட்டிக்கொண்டிருந்தார்.

“அங்கை என்ன சத்தம் பிள்ளை? ஆரும் மரம் அரியினமோ?”

“மரமில்லை அம்மா. உங்கடை மருமோன் காரை அரியிறார். முன்னாலை ஒரு சாமான் பூட்டினம். எஞ்சினுக்குள்ளை போற காத்தை ஆற வைக்கிறதுக்கு.”

“கடற்கரையிலை இருந்துகொண்டு காத்தை ஏன் ஆற வைக்கோணும்?”

மூக்குச் சத்தம் வந்தது. என் பகிடிக்கல்ல, அம்மாவின் பகிடிக்கு. என்றாலும் சந்தோசமாகத்தான் இருந்தது.

இவர் கிறைண்டரை நிறுத்தினார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, தொலைபேசிப் பக்கம் குனிந்து, கோயில் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறவர்போலச் சத்தமாகச் சொன்னார்.

“மாமி, நாளைக்குத்தான் எஞ்சினைத் தொடக்குவன். ஒரு நல்ல நேரம் பாத்துத் தரச்சொல்லி மாமாவைக் கேக்கேலுமோ?”

நான் திகைத்துப்போனேன். இந்த மனிதர் அட்டமி நவமி பார்க்கிற ஆளே இல்லை. அட்டமியில் கடையில் சனம் குறைவு என்று, தேடிப் பிடித்து அன்றைக்குச் சாமான் வாங்கப் போகிறவர். ஏன் கேட்கிறார் என்று உடனே விளங்கிவிட்டது. விளங்கியதும் பயம் பிடித்தது. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. இருமல்கூட இல்லை. இருந்த மூக்குச் சத்தத்தையும் கெடுத்துவிட்டாரே என்று இவரை முறைத்தேன்.

அம்மாவின் குரல் மெல்ல வந்தது.

“கார் ஆரின்ரை பேரிலை எண்டு கேக்கிறார்.”

கேக்கிறார். மூன்று வருசத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி. கழற்றி வைத்த பம்பர்மேலேயே இருந்துவிட்டேன். “இவரின்ரை பேரிலை அம்மா,” என்றேன்.

“நட்சத்திரம் என்னவாம்?”

என்னுடையது அவருக்குத் தெரியும். இவருடையதை அவர் கேட்டதே இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு யாரும் சாதகம் பார்க்கவில்லை. பார்க்கிறவரோடு கதை நின்றுபோயிருந்தது. நான் இவரைப் பார்க்க, இவர் கையை விரித்தார்.

“எனக்கென்ன தெரியும்? அம்மாவைத்தான் கேக்கோணும்.”

அவருடைய அம்மா பாரிசில் மூத்த மகனோடு இருக்கிறார். அங்கே இன்னும் விடியவில்லை. நித்திரையால் எழுப்பி நட்சத்திரம் கேட்டதும் மனுசி பதறிப்போய், “உனக்கு என்னடா வருத்தம்? டொக்டர் என்ன சொன்னவர்?” என்று அழத் தொடங்கிவிட்டார். காருக்குத்தான் அம்மா, காருக்கு என்று இவர் பலமுறை சொன்ன பிறகுதான் பூரட்டாதி என்ற சொல் வந்தது.

மத்தியானம் கழிய அம்மா மறுபடி எடுத்தார். இந்த முறை ஸ்பீக்கர் இல்லை. குசினிக்குள் நின்று குசுகுசுத்தார்.

“ஒரு காருக்கு ஒரு நட்சத்திரம் காணும்தானே பிள்ளை? மனுசன் உன்ரை நட்சத்திரத்தையும் பக்கத்திலை எழுதி வைச்சுக்கொண்டு காலமை துவக்கம் எழும்பாமல் இருக்கிறார்.”

அவர் பொருத்தம் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். என்ன கண்டார் என்று நான் கேட்கவில்லை. பிழை என்று கண்டிருந்தால் அதை எனக்குத் தெரிய வேண்டாம்.

பின்னேரம் நேரம் வந்தது. அம்மாவின் வாயால்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பிறகு, நாலரைக்கு ராகுகாலம் பிறக்க முன்னம் எஞ்சினைத் தொடக்கி, வாசலைத் தாண்டிவிட வேண்டும். மேற்கே சூலம், அதனால் கிழக்கே விட வேண்டும். மேற்கே என்றால் குறிகட்டுவான், அதற்கப்பால் அவர். எங்கள் காரை அவர் இருக்கிற திசைக்கு எதிர்ப்பக்கமாய் அனுப்புகிறார் என்று ஒரு கணம் மனம் நொந்தது. சூலத்தை அவரா வைத்தார் என்று பிறகு நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஞாயிறு முழுக்க வேலை. சொல்வதற்கு லேசு. முன்னால் ஒரு பெட்டியைப் பூட்டி இரண்டு குழாயை இழுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். சட்டத்தைத் தாங்குவதற்கு உடைந்த கட்டிலின் ஆங்கிள் இரும்பை வெட்டித் துளை போட்டோம். ஹோர்ன் இருந்த இடத்தில் குழாய் போக வேண்டும் என்று ஹோர்னைக் கழற்றி வேறு மூலையில் வைத்தோம். குழாய் உள்ளே நுழைய பற்றறிக்குப் பக்கத்துத் தகட்டில் வட்டமாய் வெட்டினோம். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும் என்று அதைச் சுற்றி இறப்பர் வைத்தோம். பிறகு பம்பரைக் கொண்டுவந்து வைத்தால் அது இருக்கமாட்டேன் என்றது. அதையும் உள்ளிருந்து அரிந்தோம். நான் சட்டத்தைத் தோளால் தாங்கிக்கொண்டு நிற்க, இவர் கீழே படுத்துக் கிடந்து நட்டை முடுக்கினார். மண், வியர்வை, கிறீஸ். நடுவில் பாணும் சம்பலும் சாப்பிட்டோம். எங்களுக்குக் கல்யாணமான பிறகு இவ்வளவு நேரம் சண்டை பிடிக்காமல் சேர்ந்து ஒரு வேலை செய்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

எல்லாம் பூட்டிய பிறகு ஒரு சோதனை இருக்கிறது. குழாய்க்குள் காற்றை ஏற்றி, மூட்டுக்களில் சவுக்காரத் தண்ணி பூசி, நுரை வருகிறதா என்று பார்ப்பது. நுரை வந்தால் அந்த இடம் இறுகவில்லை. இவர் அதற்கென்று வாளியில் கரைத்தும் வைத்திருந்தார். ஆனால் பம்பரோடு மல்லுக்கட்டியதில் நாலு மணி தாண்டிவிட்டது. கிளிப்புகளே இன்னும் இறுக்கி முடியவில்லை.

அம்மா லைனில் வந்துவிட்டார். “அப்பா மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிக்கிறார் பிள்ளை.”

நிக்கிறாராம். கதிரையால் எழும்பிவிட்டார்.

இவர் ஒவ்வொரு கிளிப்பாய்த் திருப்புளியால் முடுக்கிக்கொண்டு வந்தார். பற்றறிப் பக்கத்துக் கடைசிக் கிளிப்புக்கு வந்தபோது அதன் ஆணி மறுபக்கம் திரும்பிக் கிடந்தது. திருப்புளி பிடிக்கவில்லை.

“ஆறுதலாய்ச் செய்யுங்கோ,” என்றேன். தொலைபேசிக்குக் கேட்காமல் வாயைக் கையால் மூடிக்கொண்டு சொன்னேன். “நேரம் போனால் போகட்டும். சவுக்காரத் தண்ணியும் பூசிப் பாத்திட்டு நாளைக்குத் தொடக்குவம்.”

ஒரு ஐயர் வீட்டுப் பிள்ளை சொல்கிற கதையா இது? ஆனால் நான்தான் சொன்னேன். அதற்கு அட்டமியில் சாமான் வாங்குகிற மனிதர் என்னைக் கோபத்தோடு பார்த்துக் குசுகுசுத்தார்.

“உமக்கு விளங்கேல்லையோ பைரவி? மூண்டு வரியத்துக்குப் பிறகு அந்த மனுசன் எங்களுக்கு எண்டு ஒண்டு தந்திருக்கிறார். முதல் முதல் தந்தது. அதைக் கைவிட என்னாலை ஏலாது.” கடைசிக் கிளிப்பை விரலால் முடுக்கினார். “சும்மா நிக்கிற எஞ்சினிலை இது கழராது. தொடக்கிப்போட்டு இறுக்குவம்.”

திறப்பைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தம் அவ்வளவு நல்லாக இருந்தது. நான் தொலைபேசியைப் பொனற்றுக்குக் கிட்டப் பிடித்தேன். அந்தப் பக்கம் பூசை மணி கேட்டது. அம்மா மணி அடிக்கமாட்டார்.

நான் தேங்காயை உடைத்தேன். நாலு ரயருக்கும் தேசிக்காய் வைத்தேன். தொலைபேசியில் அம்மா கத்தினார்: “வாசலைத் தாண்டச் சொல்லு எண்டு சொல்றார்! நேரம் கிடக்குது, கெதியாய்த் தாண்டச் சொல்லு!” இவர் பொனற்றைப் படாரென்று சாத்திவிட்டு ஏறினார். நானும் கிறீஸ் கையோடு ஓடி ஏறினேன். தேசிக்காய் நசிந்த வாசத்தோடு வாசலைத் தாண்டிக் கிழக்கே திரும்பினோம். அவசரத்தில் கிளிப்பின் நினைவு இரண்டு பேருக்கும் இல்லை. எனக்கு வேறு எந்த நினைவுமே இல்லை. அப்பா எனக்காக மணி அடித்தார் என்பதைத் தவிர.

புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கிற தாம்போதி, கடலுக்கு நடுவே நேராகப் போட்ட தெரு. இரண்டு பக்கமும் தண்ணீர். கண்ணுக்கு எட்டிய தூரத்துக்கு ஒரு வாகனமும் இல்லை.

“இப்ப பாரும்,” என்று சொல்லி இவர் அக்சிலேற்றரை மிதித்தார்.

பொய் சொல்லக்கூடாது. கார் பறந்தது. முதுகு ஆசனத்தோடு போய் ஒட்டியது. நான் சிரித்தேன், இவரும் சிரித்தார். இவ்வளவு பாடுபட்டதற்கு இது பெறும் என்று நினைத்த அதே நேரம் முன்னால் ‘படார்’ என்று ஒரு வெடி. ரயர் என்றுதான் நினைத்தேன். கார் மூச்செடுக்க முடியாமல் இருமியது. இவர் ஓரம் கட்டி நிறுத்தி இறங்கிப் பொனற்றைத் திறந்தார். பற்றறிப் பக்கத்து நீலக் குழாய் மூட்டை விட்டுத் துள்ளி வெளியே கிடந்தது. கிளிப் தளர்ந்து அதிலேயே தொங்கியது. மணி பார்த்தேன். நாலரை தாண்டிவிட்டது.

இவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். ‘நான் சொன்னனான்தானே’ என்று சொல்ல வாய் உன்னியது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டேன்.

குழாய் பெரிய விசயமில்லை. அதை மாட்டலாம். என் பயம் வேறு. அப்பா ஆயுள் முழுக்க நேரம் பார்த்துக் கொடுத்தவர். அந்த நேரத்தில் சனம் வீடு குடிபுகுந்திருக்கிறது, பிள்ளைக்குச் சோறு தீத்தியிருக்கிறது, கடை திறந்திருக்கிறது. நேரம் தந்த அன்றைக்கே நடுத்தெருவில் வெடித்தது என்று யாரும் அவரிடம் போய்ச் சொன்னதில்லை. அவர் ஒன்றில் தன் நேரம் பிழைத்தது என்று நினைப்பார், அல்லது எங்கள் இரண்டு பேரின் சேர்க்கை பிழை என்று நினைப்பார். இந்தக் கல்யாணத்தைக் கடவுள் ஏற்கவில்லை என்று நினைக்கிற ஒருவருக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? கதவு ஒரு நீக்கல் திறந்தது. அதை நாங்களே அடித்துச் சாத்திவிட்டோம். எனக்கு அழுகை வந்தது.

தொலைபேசி அடித்தது. அம்மா.

“நல்லாய் ஓடுது எண்டு சொல்லட்டோ?” என்று இவரைக் கேட்டேன்.

இவர் என் கையிலிருந்து அதை வாங்கினார். ஸ்பீக்கரில் போட்டார். “மாமி, கார் தாம்போதியிலை நிக்குது. ஒரு குழாய் கழண்டுபோச்சு. நேரத்திலை ஒரு பிழையும் இல்லை. பிழை என்னிலை. ஒரு கிளிப்பை இறுக்காமல் அவசரப்பட்டிட்டன். மாமாவிட்டை இதை அப்பிடியே சொல்லுங்கோ.”

காற்று எங்கள் தொலைபேசிக்குள் புகுந்து இரைந்தது. கதிரை இழுபட்டது. பிறகு வந்தது அம்மாவின் குரல் அல்ல.

“ஏன் இறுக்கேல்லை?”

இவர் நிமிர்ந்து நின்றார். கையிலிருந்த திருப்புளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நேரே நிற்கிறவரிடம் பேசுகிற மாதிரி, “நேரம் போயிடும் எண்டு, மாமா,” என்றார்.

“நேரம் பாத்துத் தந்தது பூட்டின சாமானைத் தொடக்க. பூட்டாத சாமானைத் தொடக்கச் சொல்லி ஆர் சொன்னது? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் புதன்கிழமை வேறை ஒண்டு பாத்துத் தந்திருப்பன். நேரத்துக்கு என்ன பஞ்சமோ?”

“ஓம் மாமா.”

“பிள்ளையும் காருக்குள்ளையோ இருந்தது?”

“ஓம் மாமா.”

“அடி காயம் ஒண்டும் இல்லையோ?”

“இல்லை. பக்கத்திலைதான் நிக்கிறா.”

பிள்ளை என்றது என்னைத்தான். நான் வாய் திறந்து ‘அப்பா’ என்றிருக்கலாம். தொலைபேசிக்குக் கிட்ட ஒரு அடி நகர்ந்தேன், அவ்வளவுதான்.

“இப்ப அதைப் பூட்ட எவ்வளவு நேரம் செல்லும்?”

“ரெண்டு நிமிசம் மாமா. திருப்புளி கையிலைதான் கிடக்குது.”

“வேண்டாம். ராகுகாலம் பிறந்திட்டுது. ஆறு மணிக்கு அது முடியுமட்டும் அதிலை கை வைக்கவேண்டாம். ஒருக்கா அவசரப்பட்டது காணும்.” கதிரையில் அவர் இருக்கிற சத்தம் கேட்டது. “தனி ரோட்டிலை நிக்கிறியள். போனை வைக்கவேண்டாம். பிள்ளையிட்டைக் குடும். ராகுகாலம் முடியுமட்டும் நான் லைனிலை நிக்கிறன்.”

இவர் தொலைபேசியை என் கையில் வைத்தார். கழன்ற குழாயைப் பார்த்தார். திருப்புளியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தெருவோரக் கல்லில் போய்க் கடலைப் பார்த்து இருந்தார்.

நான் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுக் காதில் வைத்தேன். மூன்று வருசமாய் அவரிடம் சொல்ல என்று சேர்த்து வைத்ததில் ஒன்றும் நினைவு வரவில்லை.

“காத்துப் பலமோ?” என்றார்.

“ஓம் அப்பா.”

“கழுத்தை மூடிக்கொண்டு நில். உனக்குக் கெதியிலை தடிமன் பிடிக்கும்.”

“ஓம் அப்பா.”

குறிகட்டுவான் பஸ் வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. கொண்டக்ரர் தலையை நீட்டி, “என்ன அண்ணை, தள்ளோணுமோ?” என்று இவரைக் கேட்டான்.

“வேண்டாம் தம்பி.”

“என்ன பிழை?”

“பிழை ஒண்டும் இல்லை. ராகுகாலம் முடியட்டும் எண்டு நிக்கிறம்.”

அவன் இவரைப் பார்த்தான். திறந்த பொனற்றைப் பார்த்தான். தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு சிரித்தபடி அழுகிற என்னைப் பார்த்தான். விசில் ஊதிவிட்டான். பஸ் போகும்வரை சனம் யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டு போனது.

“ஆர் அது?” என்று அப்பா கேட்டார்.

“பஸ்காரர் அப்பா. தள்ளோணுமோ எண்டு கேட்டவை.”

“ம்.” பிறகு திடீரென்று, “வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கையெழுத்து வைச்சனீங்கள்,” என்றார்.

“என்னப்பா?”

“உங்கடை கல்யாண எழுத்து. வெள்ளிக்கிழமை பத்தரை துவக்கம் பன்னண்டு மட்டும் ராகுகாலம். என்ரை பிள்ளைக்கு அது தெரியாதோ?”

எந்த நாள், எத்தனை மணி என்று நான் அவருக்குச் சொன்னதில்லை. அவராகவே யாரிடமோ விசாரித்திருக்கிறார். விசாரித்துவிட்டு இவ்வளவு காலமும் அதை வைத்து வேதனைப்பட்டிருக்கிறார்.

“பத்து மணிக்கு எண்டுதான் அப்பா சொல்லியிருந்தது. றெஜிஸ்ரார் பிந்தி வந்திட்டார்.”

“பிந்தினால் பன்னண்டு மட்டும் பொறுத்திருக்கலாம்தானே. இப்ப பொறுத்துக்கொண்டு நிக்கிறியள்தானே.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று வருசக் கோபம். “அப்ப பொறு எண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை அப்பா,” என்றேன்.

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். தொலைபேசியைக் காதோடு அமத்திப் பிடித்தேன்.

“ஓம்,” என்றார். “ஒருத்தரும் இருக்கேல்லைத்தான்.”

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. பசு கன்று போட்டதைச் சொன்னார். ஆண் கன்று, நாம்பனாம். அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறதாம். அம்மா அதை எனக்கு மறைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு எத்தனை மணிக்குப் போகிறாய், மத்தியானம் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். நான் பகிடி ஒன்று சொன்னேன். மூக்குச் சத்தம் வரவில்லை. வாய் விட்டுச் சிரித்தார். பிறகு இந்த இன்ரர்கூலர் எதற்கு என்று கேட்டார். பம்பும் சைக்கிளும் வைத்து விளங்கப்படுத்தினேன். “அப்ப முன்னாலை பூட்டினதுதான் சரி,” என்றார். அதை நான் தெருவோரக் கல்லுக்குக் கத்திச் சொன்னேன். இவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

வெயில் இறங்கிக் கடல் மங்கத் தொடங்கியது. இவர் எழும்பி வந்து, கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஆறு மணி தாண்டியிருந்தது. பையிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு பொனற்றுப் பக்கம் போய் நின்றார்.

அப்பாவின் கதிரைக்கு நேர் எதிரே சுவரில் மணிக்கூடு இருக்கிறது. எந்த நாளில் ராகுகாலம் எப்போது பிறக்கிறது, எப்போது முடிகிறது என்று நித்திரையிலும் பிழையாமல் சொல்கிற மனிதர். அவர் கன்றுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது.

“ஆறு தாண்டீட்டுது, கேட்டுதோ? பிள்ளையளை வீட்டை போகச் சொல்லுங்கோவன்.”

“உந்த மணிக்கூடு முந்துது,” என்றார் அப்பா. “இன்னும் முடியேல்லை.”

திருப்புளியோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்ற இவருக்கு, இன்னும் முடியவில்லை என்று கையைக் காட்டினேன்.